ஒரு கட்டுப் பீடியின் முழு விலை

புகைபிடிப்பதற்கு ஆகும் செலவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிகரெட்தான். அதன் விலை ஏறினால் செய்தியாகிறது. பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரிகளில் இடம்பிடிக்கிறது. பீடி இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ‘பீடிதானே, அதில் என்ன பெரிய காசு’ என்று பிடிப்பவரும் சொல்கிறார், அவர் வீட்டாரும் சொல்கிறார்கள், வரி போடும் அரசும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் இந்தியாவில் அதிகம் புகைக்கப்படுவது பீடி. 2016-17இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 7.7 விழுக்காட்டினர் பீடி பிடிக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 விழுக்காடு. முந்தைய கணக்கெடுப்புக்கும் இதற்கும் இடையில் நாடு முழுவதும் புகையிலைப் பயன்பாடு குறைந்திருக்க, மெல்லும் புகையிலையையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் அது 16 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்திருந்தது என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது.

பீடியின் மலிவுதான் அதன் மிகப் பெரிய செலவுக்குக் காரணம் என்பது என் கருத்து. அது எப்படி என்பதைக் கடையிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

தினமும் பீடி பிடிக்கும் ஒருவர் மாதத்துக்குச் சராசரியாக 284 ரூபாய் செலவழிப்பதாக அந்தக் கணக்கெடுப்பு கண்டது. சிகரெட் பிடிப்பவருக்கு இது 1,192 ரூபாய். இரண்டையும் அருகருகே வைத்தால் பீடி ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். அதே காலத்தில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கான கூலி நாளொன்றுக்கு 203 ரூபாய். ஆக, பீடிக்காரர் மாதத்தில் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவான உழைப்பைப் பீடிக்குக் கொடுத்தார். ஆண்டுக்கு வேலையே நூறு நாள்தான் என்ற உறுதியில் வாழ்ந்த வீட்டில் பதினாறு, பதினேழு நாள் கூலி அதற்கே போயிருக்கிறது.

இன்றைய கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். தினசரி பீடி பிடிப்பவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 15 பீடி பிடிக்கிறார். ஒரு பீடி ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் மாதம் 450 ரூபாய். அஞ்சலகத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. போட்டு, 6.7 விழுக்காடு வட்டியில் மாதம் தவறாமல் இந்தத் தொகையைக் கட்டிவந்தால் முடிவில் கைக்கு வருவது ஏறத்தாழ 32,000 ரூபாய். நகரத்தில் தேநீரோடு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என நாளைக்கு ஐந்து சிகரெட் பிடித்து நூறு ரூபாய் செலவழிப்பவருக்கு மாதம் 3,000 ரூபாய். அதே ஆர்.டி.யில் அது ஐந்தாண்டில் 2,14,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. இது அவர்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. கையிலிருந்து ஒருமுறையில் போவது பத்து, இருபது என்பதால் மொத்தம் கண்ணில் படுவதில்லை. பெட்டிக்கடையில் ஒத்தை சிகரெட்டாக வாங்கும் வழக்கம் இதற்கு மேலும் உதவுகிறது. முழுப் பாக்கெட்டாக வாங்கினால் அதிலுள்ள எச்சரிக்கைப் படமாவது கைக்கு வரும். ஒத்தையாக வாங்குபவருக்கு விலையும் சிறியது, எச்சரிக்கையும் கிடையாது.

இந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வசதியுள்ள வீட்டில் சேமிப்பிலிருந்து போகும். கூலி வீட்டில் சேமிப்பு கிடையாது. அங்கே ஒரு செலவு கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். புகையிலைப் பொருளாதாரத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ரிஜோ ஜான், தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவு விவரங்களை எடுத்து, புகையிலை வாங்கும் வீடுகளையும் வாங்காத வீடுகளையும் ஒப்பிட்டார். 2008இல் வெளியான அந்த ஆய்வில், புகையிலை வாங்கும் வீடுகளில் பாலுக்கும் படிப்புக்கும் புகையில்லாத எரிபொருளுக்கும் ஆகும் செலவு குறைந்திருந்தது. பால் யாருடையது, படிப்பு யாருடையது, அடுப்புப் புகையை மூச்சில் இழுப்பது யார் என்று கேட்டால், பீடிக்கான பணத்தை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

வறுமைக் கணக்கிலும் இது மறைந்துகிடக்கிறது. ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்பதை அதன் மொத்தச் செலவை வைத்து முடிவு செய்கிறோம். புகையிலைக்குப் போன பணமும் அந்தத் தொகையில் சேர்ந்து, குடும்பத்தின் வாழ்க்கைத் தரமாக எண்ணப்படுகிறது. அந்தப் பணத்தையும் புகையிலை நோய்களுக்கு ஆன மருத்துவச் செலவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எத்தனை பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பார்கள் என்று ஜானும் மற்ற ஆய்வாளர்களும் 2004-05ஆம் ஆண்டு விவரங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். கூடுதலாக ஏறத்தாழ 1.5 கோடிப் பேர் என்று விடை வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். அரசின் பட்டியலில் ஏழைகளாக இல்லாத ஏழைகள் அவர்கள்.

நோய்க்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே புற்றுநோயை நினைக்கிறோம். தமிழ்நாட்டில் திரட்டப்பட்ட சான்று வேறொரு நோயை முன்னிறுத்துகிறது. சென்னையைச் சேர்ந்த தொற்றுநோயியல் ஆய்வாளர் கஜலட்சுமி, ரிச்சர்டு பீட்டோ, பிரபாத் ஜா ஆகியோரோடு சேர்ந்து, சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அவர்கள் வீடுகளில் விசாரித்து அறிந்தார். உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு அதை ஒப்பிட்டார். 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நகர்ப்புறத்தில் புகைபிடிக்காதவர்களைவிடப் புகைபிடிப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு. கிராமத்திலும் நான்கு மடங்குக்கு மேல். இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகையே காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. காசநோய்க் கிருமி நம்மில் மிகப் பலருடைய உடலில் தூங்கிக்கொண்டிருக்கிறது. நுரையீரலின் காவலைப் புகை தளர்த்தும்போது அது விழித்துக்கொள்கிறது. மேலை நாடுகளில் புகையின் சாவு பெரும்பாலும் நுரையீரல் புற்றாகவும் மாரடைப்பாகவும் வருகிறது. இங்கே மாரடைப்போடு காசநோயும் சேர்ந்து வருகிறது.

காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்தானே என்று கேட்கலாம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டு நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட விவரங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் தருகின்றன. நோயாளி ஒருவர் சராசரியாக 83 வேலை நாட்களை இழந்திருந்தார். அந்த வீடுகளின் பள்ளிப் பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்துக்காக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த நோயாளிகள் எல்லோரும் புகைபிடித்தவர்கள் அல்ல. ஆனால் காசநோய் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வும், அந்த நோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்பதை முந்தைய ஆய்வும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒரு கட்டுப் பீடியின் விலைக்குள் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமும் அடங்கியிருக்கிறது.

மற்ற நோய்களின் கணக்கை விரைவாகச் சொல்லிவிடலாம். தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் கண்டபடி, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும் தனியாரிடம் 31,845 ரூபாயும் ஆனது. மூச்சுத்திணறலுக்கும் இதயநோய்க்கும் ஒருமுறை சேர்வதோடு முடிவதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு பெரிய அறுவை சிகிச்சைகளின் சுமையைக் குறைக்கிறது. இழந்த கூலியை அது தருவதில்லை.

நாடு முழுமைக்குமான கணக்கையும் ஜான் போட்டார். பீடியால் வரும் நோய்களுக்கும் அகால மரணங்களுக்கும் இந்தியா 2017இல் கொடுத்த விலை 80,550 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை விழுக்காடு. இதில் நேரடி மருத்துவச் செலவு ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் வேலைக்குப் போக முடியாத நாட்களும், கவனித்துக்கொள்ள வீட்டில் தங்கியவரின் இழப்பும், உழைக்கும் வயதில் இறந்தவரின் இல்லாமற்போன வருமானமும். அதற்கு முந்தைய நிதியாண்டில் பீடியிலிருந்து அரசுக்குக் கிடைத்த வரி 417 கோடி. சமூகம் இழக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வரியாக வந்தது ஐம்பது காசு. சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாவற்றையும் சேர்த்து 2017-18ஆம் ஆண்டுக்கு அவர் குழு போட்ட மொத்தக் கணக்கு 1,77,341 கோடி ரூபாய். அங்கேயும் கலால் வரியாக வந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சமூகத்தின் தலையில் விழுந்தது 816 ரூபாய்.

இத்தகைய கணக்கை எதிர்த்திசையிலும் போட்டிருக்கிறார்கள். செக் குடியரசில் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் ஆர்தர் டி லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டு ஓர் அறிக்கை தயாரித்தது. புகைபிடிப்பவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவதால் ஓய்வூதியமும் முதியோர் பராமரிப்பும் மிச்சமாகின்றன. வரி வருமானத்தையும் சேர்த்தால் 1999ஆம் ஆண்டில் அரசுக்கு நிகர லாபம் என்றது அது. 2001இல் இது வெளியே வந்து உலகெங்கும் கண்டனம் எழவே, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கூட்டல் கழித்தலில் பிழை இருந்ததா என்பதைவிட, ஒரு மனிதன் வாழாமற்போன ஆண்டுகளை வரவுப் பக்கத்தில் எழுதத் துணிந்தது பெருங்குற்றம் என்றே நான் நினைக்கிறேன். இந்தியாவில் அந்த வாதத்துக்குக் கால் ஊன்றவே இடமில்லை. பீடி பிடிக்கும் கூலித் தொழிலாளிக்கு மிச்சப்படுத்த வேண்டிய ஓய்வூதியம் எங்கே இருக்கிறது? அவர் ஐம்பது வயதில் போனால் வீட்டின் வருமானம் அன்றோடு போகிறது.

பீடி ஏன் இவ்வளவு மலிவாகவே இருக்கிறது? இந்த இடத்தில் தாமிரபரணிக் கரையைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று நெல்லை, தென்காசி மாவட்டங்களின் ஊர்களில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இலையைக் கடையில் வாங்கி, நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றிக் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடைக்கு எடுத்துச் சென்றதும் சரியில்லை என்று கழித்துத் தள்ளப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. நாட்டில் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். வரியை உயர்த்தும் பேச்சு எழும்போதெல்லாம் இவர்களுடைய பிழைப்பு முன்னால் நிறுத்தப்படுகிறது.

அந்தப் பிழைப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. பல வீடுகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் மகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த முறம்தான். ஆனால் குறைந்த வரி அவர்களுக்கு என்ன தந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்குக் கலால் வரியே இல்லை என்ற சலுகை நெடுங்காலம் இருந்தது. பெரிய வியாபாரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் காட்டி வரியிலிருந்து தப்ப அது வழிவிட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்குப் போட்ட இழப்பீட்டுத் தீர்வையிலிருந்து பீடிக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கப்பட்டுவந்த தீர்வை அதே ஆண்டில் ரத்தானது. அந்தப் பெண்களின் மருத்துவத்துக்கும் அவர்கள் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் இருந்த தனி வருவாய் அது. 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜிஎஸ்டியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகவும், பீடி இலை மீதானதை 18இலிருந்து 5ஆகவும் குறைக்க முடிவெடுத்தார்கள். புகையிலைக்கான வரி விற்பனை விலையில் குறைந்தது 75 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாம் எதிர்த்திசையில் போகிறோம். பீடியின் விலை 10 விழுக்காடு ஏறினால் அதன் நுகர்வு ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும் என்று ஜான் முன்பே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சிகரெட்டைவிடப் பீடி நுகர்வுதான் விலைக்கு அதிகம் அசைகிறது. விலை அசையாமல் இருக்கும்வரை அந்த வாய்ப்பு வீணாகிறது. வரியை ஏற்றி, அதில் வரும் பணத்தைச் சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒதுக்குவது நடக்கவே முடியாத காரியமல்ல. ஒரு காலத்தில் தனித் தீர்வை வசூலித்து நல நிதி நடத்திய நாடுதான் இது.

சரி, விட்டுவிட்டால் என்ன கிடைக்கும்? ஆயுள் கணக்கு தெளிவாக இருக்கிறது. 1951இல் ரிச்சர்டு டாலும் அவருடைய குழுவும் பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் 34,439 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 2004இல் வெளியான முடிவு: புகையை விடாதவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டையும், 50இல் விட்டவர்கள் ஆறையும், 40இல் விட்டவர்கள் ஒன்பதையும் மீட்டுக்கொண்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு இழப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. இந்தியாவில் பிரபாத் ஜாவின் குழு 2008இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பீடி பிடிக்கும் ஆண்கள் இழப்பது சுமார் ஆறு ஆண்டு. பீடி பிடிக்கும் பெண்கள் எட்டு ஆண்டு. இலைப்பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் புகையிலைத் தூள் குறைவு என்றாலும் உள்ளே போகும் நஞ்சு குறைவதில்லை.

விட்ட ஒரே ஆண்டில் இதயநோய்க்கான கூடுதல் அபாயம் பாதியாகக் குறைகிறது. பத்து ஆண்டில் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், பாதியாகிறது. ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ‘குறைத்துவிட்டேன், இப்போது நாளைக்கு ஒன்றோ இரண்டோதான்’ என்று பலர் நிம்மதி கொள்கிறார்கள். 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவரின் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு என்று கண்டது. குறைத்தால் காசு மிச்சமாகும். இதயம் அதே விகிதத்தில் தப்பாது.

விட நினைப்பவர்கள் குறைவல்ல. 2016-17 கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் 38.5 விழுக்காட்டினர் முயன்றும் பார்த்திருந்தார்கள். முயன்றவர்களில் பத்தில் ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல், மனஉறுதியை மட்டும் நம்பி இறங்கியவர்கள். நிகோடின் மூளையைப் பழக்கி வைத்திருக்கிறது. முதல் சில நாட்களின் எரிச்சலும் தூக்கமின்மையும் மனஉறுதி இல்லாததற்கான அடையாளங்கள் அல்ல. அவை உடலின் இயல்பான எதிர்வினை. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதலே இதற்கான ஆலோசனை மையம் உண்டு. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் ஆலோசனை பெறலாம். 2022இல் நிகோடின் மாற்று மருந்துகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இங்கேதான் பீடியின் மலிவு மீண்டும் குறுக்கே நிற்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம் ஒன்று ஏறத்தாழ பத்து ரூபாய். தொடக்கத்தில் நாளைக்கு எட்டு வேண்டியிருந்தால் எண்பது ரூபாய். சிகரெட்டுக்கு நூறு ரூபாய் கொடுத்தவருக்கு அது பரவாயில்லை. பதினைந்து ரூபாய்க்குப் பீடி பிடித்தவர் விடுவதற்கு ஐந்து மடங்குக்கு மேல் செலவழிக்க வேண்டும். எந்தக் கூலித் தொழிலாளி அதைச் செய்வார்? மூன்று மாதத்துக்கு முழுதாகக் கணக்கிட்டாலும் ஒருவருக்கு 7,200 ரூபாய்க்குள் அடங்கும் செலவு இது. ஒரேயொரு முறை தனியார் மருத்துவமனையில் சேர ஆவதில் கால் பங்குகூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கும் அதே மேசையில் இதையும் தடையில்லாமல் கொடுத்தால், அரசுக்கு அது செலவை மிச்சப்படுத்தும் திட்டமாகவே இருக்கும்.

பணத்தையே மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்த ஒரு முயற்சி பிலிப்பைன்ஸில் நடந்தது. மிண்டனாவோ தீவில் கிரீன் பேங்க் என்ற வங்கி, புகைபிடிப்பவர்களுக்கென ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு, சிகரெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை அதில் போட்டுவர வேண்டும். வங்கி ஆள் வாரந்தோறும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார். ஆறாவது மாதம் சிறுநீர்ச் சோதனை. நிகோடின் தடயம் இல்லையென்றால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். இருந்தால் அது தருமத்துக்குப் போய்விடும். பொருளியலாளர்கள் ஜினே, கார்லன், சின்மன் மூவரும் இதை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கணக்கைத் தொடங்க முன்வந்தவர்கள் அழைக்கப்பட்டவர்களில் 11 விழுக்காடுதான். ஆனாலும் வாய்ப்பு தரப்பட்டவர்கள் சோதனையில் தேறும் வாய்ப்பு, தரப்படாதவர்களைவிட 3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. பிணையப் பணத்தை வாங்கிக்கொண்ட ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் செய்த சோதனையிலும் அந்த வேறுபாடு நீடித்தது.

அதில் என்னைக் கவர்ந்தது தண்டனைப் பகுதி அல்ல, வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து பணத்தை வாங்கிய ஆள். பெட்டிக்கடையில் பத்து பத்தாகக் கரைந்த பணம் முதல்முறையாக ஓர் இடத்தில் திரண்டு கண்ணில் பட்டது. அப்படி வாராவாரம் கூடிப் பணம் திரட்டும் ஏற்பாடு நம்மிடம் முன்பே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் இருக்கின்றன. பீடி சுற்றும் ஊர்களிலும் உண்டு. குழுவின் சேமிப்போடு, வீட்டில் புகையை விட்டவரின் மாதம் 450 ரூபாயைத் தனியாக எழுதி வாங்க ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். விட்டவர் தடுமாறினால் பணத்தைப் பறிக்க வேண்டியதில்லை, மறுபடி தொடங்கட்டும். அதே கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை கிராம சுகாதாரச் செவிலியர் வந்து சூயிங்கம்மைக் கொடுத்து, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்றும் கேட்டுவிட்டுப் போகலாம்.